இரண்டு வாசல், இரண்டு விலை

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் கடைவீதியில் பால் ஊற்றிய அம்மாக்கண்ணுவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வீட்டுத் தகரம் எந்த மூலையில் ஒழுகும், எந்த அடுப்படியில் புகை போக வழியில்லாமல் கண்ணைக் கரிக்கும், எந்த வீட்டுக்கு மாசி மாதத்தில் மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் நின்றுபோகும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள். பன்னிரண்டு வருஷமாகப் பின்வாசல் வழியாகவே எல்லா வீடுகளுக்கும் போய் வந்தவள். புருஷன் மாயாண்டிக்கு ஸ்டேஷனில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. இரண்டு பசுக்கள், வாடகைக்கு ஒரு அறை, ஓயாத பேச்சு. இதுதான் அவர்கள் குடும்பம்.

அதே கடைவீதியில் வீடு, கடை, காணி என்று எதை வாங்கவும் விற்கவும் செல்லசாமி தரகரிடம்தான் போகவேண்டும். அவர் மதுரைப் பக்கம் மாட்டுத்தாவணியில் தொழில் பழகியவர். மாடு விற்ற பழக்கத்திலேயே வீட்டையும் விற்றார். தோள் துண்டை விரித்து, அதற்கடியில் வாங்குகிறவரின் விரல்களைப் பிடித்து விலை சொல்வார். பிறகு விற்கிறவர் வீட்டுக்குப் போய் அவர் விரல்களைப் பிடித்து வேறொரு விலை சொல்வார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன்னால் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அன்றுதான். முத்திரைச் செலவு குறையட்டும் என்று உறுதியில் விலையை எப்போதும் குறைத்தே எழுதுவார்கள். பணமோ முழுக்கத் தரகர் கை வழியாகப் போகும். நடுவில் எவ்வளவு நின்றது என்பது அவருக்கும் அந்தத் துண்டுக்கும் மட்டுமே தெரியும். அதற்கு மேலே இரண்டு பக்கமும் நூற்றுக்கு இரண்டு தரகு.

1937ஆம் வருஷம் பங்குனியில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்த கணேசமூர்த்திக்கு வேலை முடிந்தது. தோட்டத்து வீட்டைச் சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் துரை. மனைவி தனலெட்சுமியோடு ஹட்டனில் உறவினர் வீட்டில் வந்து தங்கி, செல்லசாமி மூலமாக வீடு தேடினார்.

ஒரு நாள் காலை ஜவுளிக்கடைத் தம்பையா முதலாளி வீட்டுப் பின்வாசலில் அம்மாக்கண்ணு பால் அளந்துகொண்டிருந்தாள். முதலாளியின் மனைவி சீதாலெட்சுமி, வீட்டை எண்ணூறு ரூபாய்க்குப் பேசி முடித்தாயிற்று, கண்டியில் மகன் கடையோடு போய் இருக்கப்போகிறோம் என்றாள். வாங்குகிறவர் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏறமாட்டேன் என்றாராம். அங்கிருந்து நாலு வீடு தாண்டிப் போனால், தனலெட்சுமி முகம் வாடி நிற்கிறாள். வீடு கிடைத்துவிட்டது, ஆனால் விலை தொள்ளாயிரத்து ஐம்பது, விற்கிறவர் இறங்கவே மாட்டேன் என்கிறார், குறைகிற பணத்துக்குக் கழுத்து அட்டிகையைக் கொடுக்கவேண்டியதுதான் என்றாள். யார் வீடு என்று கேட்டாள் அம்மாக்கண்ணு. தம்பையா முதலாளி வீடு என்றாள் தனலெட்சுமி.

அம்மாக்கண்ணு ஊற்றிய பால் செம்பு நிறைந்து வழிந்தது. வீதிக்கு வந்ததும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பத்தடி நடந்ததும் கோபம் வந்தது. பாலில் ஒரு கரண்டி தண்ணீர் சேர்த்தால் தன்னை இந்த ஊர் சும்மா விடுமா என்று நினைத்துக்கொண்டாள்.

யாரிடமும் அவள் புகார் சொல்லவில்லை. மறுநாள் தனலெட்சுமியிடம், வாங்கப்போகும் வீட்டு அடுப்படியைப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டாள். இல்லை, வீட்டார் இல்லாத நேரத்தில் தரகர் முன்கூடத்தைத்தான் காட்டினார் என்றாள் அவள். அப்படியானால் என்னோடு வா என்று பால் குடத்தோடு கூட்டிக்கொண்டு போனாள்.

சீதாலெட்சுமி விருந்தாளியை மணையில் உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தாள். இரண்டு பெண்களுக்கும் பேச்சு ஒட்டிக்கொண்டது.

"இம்புட்டு வருஷம் இருந்த வீட்ட எண்ணூறுக்கு விட்டுட்டுப் போறோம்னு நெனச்சா மனசு கேக்க மாட்டேங்குது," என்றாள் சீதாலெட்சுமி.

தனலெட்சுமி டம்ளரைக் கீழே வைத்தாள். "எவ்வளவுங்க?"

"எண்ணூறு."

"எங்ககிட்ட தொளாயிரத்தம்பதுன்னாருங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அம்மாக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பால் குடத்தின் வாயை மிகக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மூவரும் சிரித்த சிரிப்பில் கோப்பி ஆறிப்போனது. நடுவில் நிற்கும் பணத்தை இருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

அதோடு எழுந்து போயிருந்தால் அம்மாக்கண்ணுவுக்கு ஒரு வம்பும் இல்லை. ஆனால் அவள் கண் அடுப்படி மூலைக்குப் போனது. ஆடி மழையில் அந்த மூலையில் தரையிலிருந்து தண்ணீர் ஊறும். பலகை போட்டு அதன் மேல் நின்றுதான் சமைப்பார்கள். பங்குனி வெயிலில் தரை காய்ந்து பளபளவென்று கிடந்தது. இதைச் சொல்லாமல் போனால் எனக்கும் செல்லசாமிக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லிவிட்டாள்.

சீதாலெட்சுமியின் முகம் சட்டென்று மாறியது. நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பையா முதலாளி எல்லோரையும் தன் கூடத்துக்கு அழைத்தார். அம்மாக்கண்ணுவுக்கும் ஆள் விட்டார். அவள் நிலைப்படியோரம் நின்றுகொண்டாள். விஷயம் தெரியாமல் வந்த செல்லசாமி, இரண்டு தரப்பும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு ஒரு கணம் தயங்கினார். இருந்தாலும் பழக்கத்தில் துண்டை எடுத்து விரித்தார். கணேசமூர்த்தி கையை நீட்டவில்லை. இன்றைக்கு வாயாலேயே பேசுவோம் என்றார்.

நூற்றைம்பது ரூபாய் எங்கே போக இருந்தது என்று முதலாளி கேட்டார். செல்லசாமி அசரவில்லை. இந்த வீட்டுக்கு ஆள் தேடி ஆறு மாதமாகச் செருப்புத் தேய நடந்தது யார், எத்தனை பேரை இந்த வாசலுக்குக் கூட்டி வந்தேன் என்று கேட்டார். பிறகு முதலாளியையே நேராகப் பார்த்தார்.

"முதலாளி, நீங்க வாங்குன வெலயச் சொல்லியா சேல விக்கிறீங்க?"

நிலைப்படியிலிருந்து அம்மாக்கண்ணுதான் பதில் சொன்னாள்.

"சேல முதலாளியோட சொந்தம்ண்ணே. விக்காமப் போனா நட்டம் அவருக்கு. இந்த வீடு ஒங்களுதா? ரெண்டு பேரும் ஒங்கள நம்பி அனுப்புனாங்க. நடந்த நடைக்குக் கூலி கேளுங்க, கூடுதலாக்கூட கேளுங்க. ஆனா ரெண்டு பேரு காதுலயும் விழுற மாதிரி கேளுங்க."

செல்லசாமி துண்டை மடித்தார், மறுபடி விரித்தார், மறுபடி மடித்தார். தன் கூலியை வாய்விட்டுச் சொல்லிப் பழகாத மனிதர். கடைசியில் ஏதோ முணுமுணுத்தார். காது கேட்கவில்லை என்றார் கணேசமூர்த்தி. தரகோடு சேர்த்து ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய் என்று உரக்கச் சொன்னார் செல்லசாமி, சொல்லிவிட்டுத் தாமே சிரித்துவிட்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேரம் பேசாமல் சரி என்றார்கள். அதுதான் அவரை எல்லாவற்றிலும் அதிகமாக ஆச்சரியப்படுத்தியது.

அடுப்படித் தண்ணீருக்காக வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் வெட்டித் தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டார். பாதி பாதி என்று பேசியிருந்த விலை, அந்த ஈரத்துக்காக இன்னும் இறங்கி எண்ணூற்று இருபதில் முடிந்தது. சீதாலெட்சுமியின் கோபம் ஐந்து நாள் இருந்தது. ஆறாம் நாள், புதிய பால்காரனின் பாலில் கோப்பி கலந்தால் நிறமே வரவில்லை என்று ஆள் அனுப்பினாள்.

சித்திரையில் குடி புகுந்தார்கள். தனலெட்சுமியின் கழுத்தில் அட்டிகை இருந்தது. புது அடுப்பில் பால் பொங்கியபோது அவள் அழுதாள், அம்மாக்கண்ணு அவளை இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் கும்மி அடிக்கவைத்தாள். சாப்பாடு முடிந்ததும் கணேசமூர்த்தி வெற்றிலைத் தட்டில் ஐந்து ரூபாய் வைத்து, இது உன்னுடைய தரகு என்றார். அவள் திகைத்துப் போனாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் தட்டைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கண்டிக்கு ஒரு கடுதாசி போட்டு, நான் அஞ்சு ரூவா வாங்குனத முதலாளிகிட்ட சொல்லிருங்கய்யா. அவுங்களுக்கும் தெரியணும்ல."

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கணேசமூர்த்தி கடிதம் எழுதித் தபாலில் போடும்வரை அவள் அந்த வீட்டைவிட்டு நகரவில்லை.

அந்தக் கடிதத்தின் கதை கண்டி வரை போய்த் திரும்பி வந்து கடைவீதி முழுக்கப் பரவியது. வீடு வாங்க வந்தவர்கள் பால்காரியைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லத் தொடங்கினார்கள். செல்லசாமி ஒரு மாதம் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார். பிறகு ஒரு காலையில் மாட்டுக் கொட்டிலுக்கே வந்துவிட்டார். உனக்கு வீடு தெரியும், எனக்கு ஆள் தெரியும், நொத்தாரிசு தெரியும், சேர்ந்து செய்யலாமா என்று கேட்டார். தரகை இரண்டு பக்கத்தாருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்வதானால் சரி என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டு, சிவப்புப் பசுவின் மடியைத் தடவிப் பார்த்து, இதற்குப் பருத்திக்கொட்டை போதவில்லை என்று யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு விற்கும் தொழில் பெருகியும் அவள் பாலை விடவில்லை. பால் ஊற்றாவிட்டால் வீட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்பாள். அவர்கள் முடித்த வீடுகளில் குறை இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. ஆனால் குறை தெரியாமல் வாங்கியவர் என்று யாரும் இல்லை.

அடுத்த வருஷம் வைகாசியில் நானுஓயாவிலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு ரொட்டிக்கடைக்காரர் வீடு பார்த்திருக்கிறாராம். அம்மாக்கண்ணு வந்து அடுப்படியைப் பார்த்துச் சொன்னால்தான் முன்பணம் கொடுப்பாராம். அவளுக்கும் புருஷனுக்கும் ரயில் டிக்கெட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். அன்றைக்குப் பால் கறக்கும் வேலையைச் செல்லசாமி ஏற்றுக்கொண்டார்.

பதினைந்து வருஷமாக ரயிலில் மூட்டை ஏற்றிய மாயாண்டி அதுவரை ரயிலில் உட்கார்ந்ததில்லை. வேட்டியைத் துவைத்து உடுத்திக்கொண்டு ஜன்னலோரம் இடம் பிடித்தான். ஹட்டனை விட்டதும் வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்து இருட்டானது. அம்மாக்கண்ணு அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். வெளிச்சம் வந்த பிறகும் விடவில்லை. இரண்டு பக்கமும் தேயிலை மலை வெயிலில் பச்சையாகக் கிடந்தது. கொட்டகலையில் வண்டி நின்றதும் மாயாண்டி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அங்கே மூட்டை சுமந்த அழகனைக் கூப்பிட்டு, இன்றைக்கு நான் பயணி என்று சொன்னான். தலவாக்கலையிலும் சொன்னான். வட்டகொடையில் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால் ஸ்டேஷன் மாஸ்டரிடமே சொன்னான்.