கொட்டாவியே பதில்

வில்லியனூர் பக்கத்தில் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் விடுதி அறையில் மிச்ச மாத்திரைகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். மருந்தியல் வாய்மொழித் தேர்வன்று காலையில் எனக்குத் தலைவலி.

"ஓ.பி.ல காட்டிட்டு வந்துடட்டா?" என்றேன்.

"இன்னாடி, மருந்து படிக்கிற நீயே சீட்டு வாங்கிட்டு நிப்பியா?" என்று சிரித்தாள் அறைத்தோழி கலை.

டப்பாவில் கிடந்த மாத்திரை அட்டைத்துண்டில் பெயர் இல்லை. வெள்ளை மாத்திரை என்பதால் பாராசிட்டமால் என்று நினைத்து இரண்டை விழுங்கினேன்.

தேர்வறையில் கண் சொருகியது. "பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைக்கு முக்கியமான பக்கவிளைவு இன்னாமா?" என்றார் பேராசிரியர். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நீளமாய் ஒரு கொட்டாவிதான் வந்தது.

"சரியான பதில். எத்தினி போட்ட?"

நடந்ததைச் சொன்னேன்.

"தூக்கத்தோட போச்சு. அதுவே சர்க்கரை மாத்திரையா இருந்தா இன்னா ஆயிருக்கும், சொல்லு?"

அப்போதுதான் எனக்குத் தூக்கம் கலைந்தது. கலையின் அப்பா மறந்து விட்டுப்போன சர்க்கரை மாத்திரையும் அதே டப்பாவில், அதே வெள்ளையில் கிடந்தது.

இப்போது தலைவலித்தால் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறேன். டப்பாவில் பிஸ்கட்தான் இருக்கிறது. பார்க்காமல் நாலு எடுத்துப் போட்டாலும் பயமில்லை.