மீதியை அக்கா சொன்னாள்

கருவாட்டு வாசனை வந்தால் எனக்குச் சோற்று ஞாபகம் வராது, சினிமா ஞாபகம்தான் வரும். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்குக் கடுக்காயும் புளியும் வாங்க வரும் வாணியம்பாடி பாய், தாம் கொண்டுவரும் கருவாட்டு மூட்டைக்குள் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் செருகி வைத்திருப்பார். அறுபதுகளின் தொடக்கம் அது. மலையில் கொட்டகை ஏது, ரேடியோ ஏது? படம் என்று நாங்கள் கண்டதெல்லாம் அந்தப் புத்தக அட்டையில் மை கலங்கிய முகங்கள்தான்.

"பெரியவ காட்டுக்கு, சின்னவ படிப்புக்கு" என்று எங்கள் நைனா ஒரே பேச்சில் எங்களைப் பிரித்துவிட்டிருந்தார். சின்னவள் நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எழுத்தறியாத அக்கா கேட்டுக்கொண்டே, களை பறிக்கும்போது பாடும் மெட்டில் அந்த வரிகளை ஏற்றிவிடுவாள். புத்தகத்தில் போட்டிருக்கும் கதைச் சுருக்கமோ சரியான இடத்தில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று கழுத்தை அறுக்கும். அந்த மீதியை அக்கா சொல்லுவாள். சாமை அடிக்கும் களத்தில் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு, "அப்பால இன்னா ஆச்சு, சொல்லேண்டி" என்று அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு படத்தில் ஆற்றோடு போன கதாநாயகியை அவள் சாகவே விடவில்லை. மூங்கிலைப் பிடித்துக் கரையேறவைத்து, தேன் எடுப்பவர்கள் வீட்டில் கஞ்சி குடிக்கவைத்து, எட்டாம் நாள் தன் காலாலேயே வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தாள்.

பிறகு நான் போளூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனேன். அங்கே டூரிங் டாக்கீஸில் அதே படம் வந்தது. மணலில் உட்கார்ந்து பார்த்தேன். ஆற்றோடு போனவள் போனவள்தான். பாட்டின் மெட்டும் வேறு. எனக்கு அழுகை வரவில்லை, அக்காவை நினைத்து வெட்கமாக இருந்தது.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது களத்தில் அக்கா அந்தக் கதையை மறுபடி ஆரம்பித்தாள். அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்: "அப்பிடி இல்லக்கா. அவ செத்துட்டா. நான் பாத்துட்டு வந்தேன்." சரியான மெட்டில் பாடியும் காட்டினேன். "படிச்ச பொண்ணு, கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுது" என்று பெண்கள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். அக்கா "அப்பிடியா" என்றாள். முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம் அவள் கதையும் சொல்லவில்லை, பாடவும் இல்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

இப்போது பாயும் இல்லை, பாட்டுப் புத்தகமும் இல்லை. போன பொங்கலுக்கு மலைக்குப் போனபோது என் பேரனின் செல்போனில் அதே படத்தைத் தேடிப் பிடித்து அக்காவுக்குக் காட்டினேன். முதல் முறையாகப் பார்க்கிறாள். ஆற்றுக் காட்சி வந்ததும் நிறுத்தினேன்.

"அக்கா, மீதிய நீ சொல்லேன்."

அவள் முகத்தில் கோபம் ஏதுமில்லை.

"நான் இன்னாத்த சொல்றது? நீதான் பாத்துட்டு வந்துட்டியே."