சிறில் கை வைத்திருந்த இடம்

கொட்டாஞ்சேனை சிறில் துறைமுகத்து நீராவி இழுவைப்படகு ஒன்றில் பத்தொன்பது வருடம் இயந்திர அறையில் வேலை செய்தவர். மேலேயிருந்து அவருக்கு வந்த கட்டளையெல்லாம் மணியாகத்தான் வந்தது. கப்பித்தான் கைப்பிடியைத் திருப்புவார். கீழே மணி அடிக்கும். சிறில் பதில் மணி அடித்துவிட்டு நீராவியைத் திறப்பார். அவர் திறக்காமல் புரொப்பெலர் ஒரு சுற்றும் சுற்றாது.

புரொப்பெலரில் கயிறு சிக்கினால் அறுக்கச் சுழியோடி தண்ணீருக்குள் இறங்குவான். இறங்கியதும் படகின் அடியில் சுத்தியலால் மூன்று தட்டு. வேலை முடித்து விலகும்போது இன்னும் மூன்று. இடையில் சிறிலின் கை நீராவித் திருகை விட்டு எடுபடாது. கப்பித்தானுக்குப் பொறுமை போனால் கைப்பிடியைச் சற்றே திருப்பிச் சும்மா ஒருதரம் மணி அடித்துப் பார்ப்பார். முடிந்ததா என்று கேட்பது அது. கீழேயிருந்து பதில் மணி வராவிட்டால் முடியவில்லை என்று அர்த்தம். துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாஷை.

1938இல் புதுப்படகு வந்தது. சிறிலையும் கப்பித்தானையும் அதற்கு மாற்றினார்கள். அதில் டீசல் இயந்திரம் புரொப்பெலரை நேரே சுழற்றுவதில்லை. அது டைனமோவைச் சுழற்றும். டைனமோவின் மின்சாரம் கம்பி வழியே பின்னாலுள்ள மோட்டாருக்குப் போகும். மோட்டார்தான் புரொப்பெலரைச் சுழற்றும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மேலே கப்பித்தானின் கைப்பிடியிலேயே. படகோடு வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒரு காலைப்பொழுது முழுக்க இங்கிலிஷில் விளக்கினார். சுவரிலிருந்த பெரிய சுவிட்சைக் காட்டி ஏதோ இரண்டுதரம் அழுத்திச் சொன்னார். "விளங்கினதா?" என்று கேட்டபோது, பத்தொன்பது வருடச் சர்வீஸ்காரர் வேறென்ன சொல்வார். "யெஸ் சேர்" என்றார்.

நாலாம் மாதம் கயிறு சிக்கியது. வெள்ளவத்தையிலிருந்து சுழியோடி பௌஸி வந்தான். இயந்திர அறைக்குள் தலையை நீட்டி முகத்தைச் சுளித்தான்.

"என்ன சிறில், நான் எறங்கப் போற, ஒங்கட மிஷின் இன்னம் கத்திக்கொண்டு ஈக்கே?"

"லைற்றுக்கும் பம்புக்கும் கறண்ட் வேணும் நானா. நிப்பாட்ட ஏலாது."

"என்ட கால் ரெண்டும் வேணும். என்ட பொஞ்சாதி ஹமீமா எண்ணிப் பாத்துத்தான் ஊட்டுக்குள்ள எடுப்பா."

"பயப்படாதைங்கோ. லீவரில கை வச்சுக்கொண்டு நிப்பன். நீங்க திரும்பத் தட்டும்வரைக்கும் கையை எடுக்கமாட்டன்."

"நீங்க நிண்டாச் சரி" என்று சொல்லிவிட்டுப் பௌஸி போனான்.

மூன்று தட்டும் கேட்டன. சிறில் டீசலுக்கு எண்ணெய் விடும் லீவரைப் பிடித்தபடி நின்றார். கால் மணி நேரம் போயிற்று. மேலே கப்பித்தான், அவரும் நீராவியில் வளர்ந்தவர், முடிந்ததா என்று கேட்க நினைத்துக் கைப்பிடியைச் சற்றே திருப்பினார். பழைய கைப்பிடி கேட்கும். புதியது கேட்கவில்லை, செய்தது.

கீழே டீசலின் சத்தம் ஒரு மூச்சளவு கனத்தது. பம்பு கறண்ட் இழுக்கிறது என்று சிறில் நினைத்தார். மணி அடிக்கவில்லையே. மணி அடிக்காமல் புரொப்பெலர் எப்படிச் சுற்றும்? பின்னாலிருந்து மோட்டாரின் முனகல் வந்தபோதுதான் லீவரை இழுத்தார். இயந்திரம் உடனே நிற்கவில்லை.

பௌஸியின் உடலைக் கரையில் கிட்டங்கியோரம் கிடத்தி மேலே பாய் போட்டார்கள்.

விசாரணைக்கு முதல் நாள், துறைமுகத்துக் கிளாக்கர் றேமண்ட் சிறிலின் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, கடைசித் தட்டு மூண்டும் கேட்டதெண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. விலகினவன் திரும்பப் போயிட்டான். கப்பித்தானுக்கும் பிழை இல்ல, உங்களுக்கும் பிழை இல்ல. வேலையும் போகாது."

"பௌஸிக்குப் பிழை வருமே."

"செத்தவனுக்கு என்ன பிழை?"

அவர் போனபின் மனைவி பிறிஜெற் சொன்னாள்: "அந்தாள் சொல்றதில என்ன? கோயில்ல பாவசங்கீர்த்தனம் செய்தாப் போச்சு. வேலை போனா எந்தச் சாமி தரும்?"

அந்தச் சொல்லைச் சொல்லிவிடலாம் என்று விசாரணை அறையின் வாசல்வரை சிறிலுக்கு எண்ணம் இருந்தது. உள்ளே, கடைசித் தட்டுக் கேட்டதா என்று விசாரித்தபோது, "கேக்கேல்ல" என்று வாய் சொல்லிவிட்டது. அதைத் துணிவு என்பதா என்று தெரியவில்லை. பொய்யைத் தயார் செய்யத் தெரியாதவர்களும் உண்டு.

"கை எங்கே இருந்தது?"

"எண்ணெய் லீவரில."

"மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிடும் சுவிட்ச் எங்கே?"

"என்ட முதுகுக்குப் பின்னால. ரெண்டடி."

"விளங்கியதென்று எஞ்சினியரிடம் சொன்னீரா?"

"சொன்னனான்."

இயந்திர அறை ஆளின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். கப்பித்தானை வேறு படகுக்கு மாற்றினார்கள். சிறிலைச் சனிக்கிழமையோடு நிறுத்தினார்கள்.

அடுத்த நாள் பூசை முடிந்ததும் அவர் வெள்ளவத்தைக்குப் போனார். ஹமீமா கணவன் இறந்தபின் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் இருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசினாள்.

"அவங்கதான் அவசரப்பட்டுத் திரும்பப் போனாங்க எண்டு சனம் பேசுது."

"இல்ல தங்கச்சி. அவர் விலகவே இல்ல. அவரில ஒரு பிழையும் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"அப்ப யார்ட பிழை?"

கவனக்குறைவு என்று அவர்கள் எழுதியதைச் சிறில் நினைத்துப் பார்த்தார். அந்தக் கால் மணி நேரத்தில் இருந்த கவனம் தன் ஆயுளில் வேறெதிலும் தனக்கு இருந்ததில்லை. வைத்த இடம்தான் தவறு. அதைத் திரையைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"என்ட" என்றார்.

"இனி இங்க வராதீங்க" என்றாள் ஹமீமா. குரலில் கோபம்கூட இல்லை.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு பெருந்தெருவான காலி வீதிக்கு நடந்தார்.