கொசுவலையில் ஒரு வட்டம்

என் வீட்டுக்காரர் சேந்தமங்கலத்தில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். கேமராவை அவர் தொடுவார். நான் தொடக் கூடாது. கண்ணாடி நெகட்டிவ் கழுவிக் காய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் என்னிடம் வரும். ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் சுருக்கம், பரு, கருவளையம் எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக நிரப்பி மறைப்பது என் வேலை. என் கை பட்டால் அறுபது வயது முப்பதாகும். பாராட்டு மட்டும் அவருக்குப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் முஸ்லிம் தெருவில் பெண்கள் யாரும் வெளி ஆண் முன்னால் படத்துக்கு உட்கார மாட்டார்கள். அவர்களை நான் எடுக்கிறேன் என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். "உனக்குப் பென்சில் போதும்" என்பார். அந்தப் பென்சிலை ஒடித்து எறியலாம் போலிருக்கும். ஆனால் மறுபடி ஒன்றைச் சீவ வேண்டியவளும் நான்தானே.

ஒரு சந்தை நாளில் கொல்லிமலையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். தேவனூர் நாடு என்கிற மலைப்பகுதியில் மிளகும் சாமையும் போடுகிற விவசாயி. முந்தின மாதம் என் வீட்டுக்காரர் மலையேறிப் போய் அவருடைய மனைவியைப் படம் எடுத்து, பிரிண்ட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். அதைத் துண்டுக்குள்ளிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார் வந்தவர்.

"ஏனுங்க, இது எம் பொண்டாட்டி இல்லீங்க. கன்னத்துல மொளகாட்டம் ஒரு மச்சம் இருக்குமுங்க. அதைக் காணோமுங்க."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடி பிளேட்டில் விழுந்த கறை என்று நினைத்து அதை மறைத்தவள் நான்தான். அன்றைக்கே நெகட்டிவை எடுத்து அந்தப் பென்சில் பூச்சை அழித்துப் பார்த்தேன். பென்சில் மேல் வார்னிஷ் பூசியிருந்ததால் சுரண்ட வேண்டியதாயிற்று. சுரண்டியதில் கன்னமே பாழாகிவிட்டது. "உன் பென்சில் இழுத்து வெச்ச வினை. நீயே வந்து அவங்களுக்குப் பதில் சொல்லு" என்று என் வீட்டுக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு மலையேறினார்.

முதல் தடவை போனபோது மலைக்காய்ச்சலை வாங்கி வந்தவர், இந்தத் தடவை ஒரு புதுக் கொசுவலையைக் கொண்டுவந்தார். கேமராவை விட அதைத்தான் பத்திரமாகக் கட்டியிருந்தார். என்ன பயன்? அந்த விவசாயி வீட்டில் தங்கிய மறுநாள் காலையிலேயே பழைய காய்ச்சல் திரும்பி வந்து உலுக்கியது. வலையைக் கட்டிக்கொண்டு கம்பளிக்குள் சுருண்டுவிட்டார்.

வீட்டு அம்மாள் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். மச்சம் கன்னத்தில் ஜம்மென்று இருந்தது. மறைத்தவள் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அந்த அம்மாளுக்குக் கோபமே இல்லை.

"அந்தப் படத்துல எத்தனை பளபளன்னு இருந்தேன் கண்ணு! இவுரு அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துட்டாரு. மச்சம் வந்தாலும் செரி, வராட்டியும் செரி. சுருக்கம் மட்டும் வரக் கூடாது."

"மச்சம் இல்லாட்டி எனக்குப் படமே வேண்டாமுங்க" என்றார் கணவர். "பென்சிலும் கிட்ட வரக் கூடாதுங்க. பென்சில் பட்டா அது படமில்லீங்க, வரைஞ்ச சித்திரம்."

பென்சில் இல்லாமல் சுருக்கத்தை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னைக்கு நான் எடுக்கிறேன்" என்று வலைக்குள் பார்த்துச் சொன்னேன். பல் கிட்டிக்கொண்டிருந்ததால் என் வீட்டுக்காரரால் சட்டென்று மறுக்க முடியவில்லை.

"நீ கெடுத்தேன்னா அப்புறம் கேமரா பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார் கடைசியில். சரி என்றேன். சொன்ன பிறகுதான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பெட்டியில் இருந்ததோ ஒரே ஒரு நல்ல பிளேட்.

அவருக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோதுதான் அதைக் கவனித்தேன். வாசல் வெளிச்சம் வலை மேல் விழுந்திருந்தது. உள்ளே ஒட்டிப்போன கன்னமும் காய்ச்சல் கண்ணும் கொண்ட மனிதரைக் காணோம். கல்யாணத்தன்று பார்த்த மாப்பிள்ளை படுத்திருந்தார். ஆனால் மீசை மட்டும் மீசையாகவே தெரிந்தது. சின்னதை வலை விழுங்குகிறது, அழுத்தமானதை விட்டுவைக்கிறது! கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"அடியே, என்ன பண்றே? கொசு கடிச்சு நான் மவுத்தாப் போகவா?"

"கடிக்க வேண்டியது போன மாசமே கடிச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே ஒரு வட்டம் வெட்டினேன்.

அதை இரண்டாக மடித்து, பூக்கட்ட வைத்திருந்த வாழைநாரால் லென்ஸ் வாயில் கட்டினேன். வாசலில் மனைவியை உட்காரவைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கும்படி கணவரிடம் சொன்னேன். பின்பக்கக் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத்தான் விழும்.

"மூடுபனிங்க" என்று உடனே வெளியே வந்துவிட்டார். "அது எங்களுக்கு இங்கயே வேண்டிய மட்டும் இருக்குதுங்க."

மடிப்பைப் பிரித்து ஒற்றை வலையாகக் கட்டினேன். மறுபடி உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"தலைகீழா நின்னாலும் மச்சம் இருக்குதுங்க!"

நானும் பார்த்தேன். நெற்றிக் கோடுகள் கரைந்து, கூந்தலைச் சுற்றி வெளிச்சம் மெல்லக் கசிந்து, கன்னம் கன்னமாக இருந்தது; அதில் மிளகு மிளகாக. பிளேட்டைச் செருகி, மூடியைத் திறந்து, மனசுக்குள் எண்ணி, மூடினேன்.

அடுத்த சந்தைக்குக் கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்தே இறங்கி வந்தார்கள். பென்சில் படாத படத்தை என் வீட்டுக்காரர் மேஜை மேல் வைத்தார். கணவர் மச்சத்தின் மேல் விரல் வைத்தார். மனைவி நெற்றியைத் தடவிப் பார்த்தார்.

"இது எம் பொண்டாட்டிங்க!"

"இதுதான் கண்ணு நானு!"

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எடுத்தது யார் என்று அந்த அம்மாள் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மலையேறினார்.

அந்த வாரமே எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் பட்டுடுத்தி வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிவந்து கூடத்தில் நிறுத்தினார். கறுப்புத் துணியை என் கையில் கொடுத்தார்.

"பென்சில் சீவி வெக்கட்டுமா?" என்றார்.

"சீவி, நீங்களே வெச்சுக்கங்க" என்றேன்.