பால் டின்னும் செங்கல் நிறமும்

காஜா பெராங் வட்டாரத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில், பின்னறையில் எனக்கு வேலை. அந்த அறையை லேப் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்வோம். ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, மேசை விளிம்பில் திருகி மாட்டிய ஒரு கைச்சுற்று இயந்திரம். அவ்வளவுதான். கண்ணாடிக் குழாய்களில் சிறுநீரை ஊற்றி அதில் சொருகி, கைப்பிடியை வேகமாகச் சுற்றினால் கசடு தனியாகப் பிரிந்து அடியில் போய் உட்காரும். அந்தச் சத்தம் வாசல்வரை கேட்கும். பக்கத்தில், பல தலைமுறையாக மலாயே பேசும் செட்டி வீட்டு அம்மாள் கதவிடுக்கில் தலையை நீட்டி, "ஆயிஸ் காச்சாங் அடா?" என்று மலாயில் கேட்பார். அந்த இனிப்புக்கு ஐஸ் சீவுகிற இயந்திரத்துக்கும் அதே சத்தம்தான். இருக்கிறது, ஆனால் உங்களுக்குப் பிடிக்காது என்று நானும் மலாயிலேயே சொல்லி அனுப்புவேன்.

சர்க்கரை பார்ப்பதுதான் தொல்லை. நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் நீரிழிவு. குழாயைச் சற்றுச் சரியாகப் பிடிக்காவிட்டால் உள்ளே இருப்பது பீய்ச்சி அடிக்கும். ஒருநாள் டாக்டரின் கழுத்துப்பட்டையில் அடித்தது. யாழ்ப்பாணத்துக்காரர், கோபமே படமாட்டார். "பிள்ளை, இதுக்கு ஒரு வழி பார்" என்றார்.

பார்த்தேன். ஒரு பிஸ்கட் டின் மூடியில் ஆணியால் எட்டுத் துளை போட்டு, டின்னில் தண்ணீர் ஊற்றி ஒரு மண்ணெண்ணெய் அடுப்பில் ஏற்றினேன். எட்டுக் குழாய்களும் கொதிநீரில் அமைதியாக நின்று வெந்தன. பீய்ச்சல் இல்லை, கருகல் இல்லை. உலகத்திலேயே நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று ஒரு மாதம் தலைகால் புரியாமல் திரிந்தேன். பிறகு டாக்டரின் பழைய புத்தகம் ஒன்றில் அச்சு அசலாக அதே படத்தைப் பார்த்தேன். புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த இளைஞர் வந்தார். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். தபால் இலாகாவில் குமாஸ்தா வேலைக்குத் தேர்வாகியிருந்தார். மூன்று வாரத்துக்குள் டாக்டர் கையெழுத்திட்ட உடல்நலச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலை அடுத்தவருக்கு. மறுநாள் காலையில் சிறுநீர் கொண்டுவரச் சொன்னேன். சணல் கயிறு கட்டிய பால் டின்னில் கொண்டுவந்தார். அப்போதெல்லாம் காப்பிக்கடையில் காப்பி வாங்கிப்போனால் காலி பால் டின்னில்தான் ஊற்றிக் கயிறு கோத்துத் தருவார்கள். ஊரே எதையும் அதில்தான் தூக்கிக்கொண்டு நடந்தது. நானும் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

வெந்து வந்த குழாய் செக்கச் செவேலென்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பிஸ்கட் டின்னில் அவ்வளவு அழகான நிறம் வந்ததே இல்லை.

"நல்ல கலரா இருக்கே மிஸ்ஸி, பாஸா?" என்றார்.

"ஃபெயில்" என்றேன்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கொழுப்புத் துளிகள் வேறு. சிறுநீரகமும் போச்சு என்று நானே முடிவுகட்டி டாக்டரிடம் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "ஆள் பார்க்கத் திடமாய்த்தானே இருக்கிறார். ஒரு கிழமை சாப்பாட்டைக் குறைச்சுப்போட்டு வரச் சொல்லு."

குறைத்தார். சோற்றை விட்டார். பாகற்காயைப் பிழிந்து குடித்தார். விடியற்காலையில் கடலோரத்து உஜோங் பாசிர்வரை நடந்துவிட்டுத் திரும்பினார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் டின், மறுபடியும் செங்கல். கடைசி நாளன்று காலையில் மூன்றாவது டின்னோடு வந்து நின்றபோது சட்டை தோளில் நிற்கவில்லை. குழாய் மறுபடியும் சிவந்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிட்டுட்டு இங்க வந்து நிக்கிறீங்களா? அந்த டின்னப் பாருங்க. எறும்புக்கே தெரியுது."

"சத்தியமா இல்ல மிஸ்ஸி. சோத்த மோந்து பாத்தே ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. எங்கம்மா தோட்டம் பூரா சொல்லி வச்சிட்டாங்க, பையன் கவர்மெண்ட் வேலைக்குப் போறான்னு. ஃபெயில்னு நான் இன்னும் அவங்ககிட்ட சொல்லல."

அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் எறும்புகளைப் பார்த்தேன். எறும்புகள் கயிற்றிலும், மடக்கிய மூடியிலும், விளிம்பு மடிப்பிலும் மொய்த்துக்கொண்டிருந்தன. அங்கெல்லாம் சிறுநீர் பட்டிருக்க வழியே இல்லை.

"இந்த டின் ஏது?"

"காப்பிக்கடையிலதான். ஒவ்வொரு வாட்டியும் பால் தீந்த கையோட புது டின்னா கேட்டு வாங்குவேன் மிஸ்ஸி. பழசுல கொண்டாந்து ஒங்ககிட்ட நீட்டினா மரியாதையா இருக்குமா? பைப் தண்ணில அலசிட்டுத்தான் கொண்டாரேன்."

டின்னைக் காலி செய்தேன். சுத்தமான தண்ணீரை அதில் ஊற்றிக் குலுக்கி, எட்டுச் சொட்டு எடுத்து நீல மருந்தில் விட்டுக் கொதிநீரில் நிறுத்தினேன். ஐந்து நிமிடத்தில் தண்ணீருக்கும் நீரிழிவு வந்துவிட்டது. கொழுப்புத் துளிகள் எங்கிருந்து வந்தன என்றும் புரிந்தது. இனிப்புக் கெட்டிப்பால் வந்த டின்னில் சர்க்கரையும் பாலாடையும் இல்லாமல் வேறென்ன இருக்கும்? சுத்தமான பாட்டில் கொடுத்தனுப்புவது என் வேலை. பாட்டில் கழுவ அலுப்புப்பட்டு அதை விட்டிருந்தேன். 

நன்றாகக் கழுவிய கண்ணாடிக் குழாயை அவர் கையில் கொடுத்து, பின்கட்டுக்கு அனுப்பினேன். அவர் கொண்டுவந்ததைப் பிஸ்கட் டின்னில் நிறுத்திவிட்டு இருவரும் பக்கத்தில் நின்றோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. நீலம். பத்து நிமிடம் ஆயிற்று. அதே நீலம்.

"இன்னும் கொஞ்சம் வேகட்டும் மிஸ்ஸி. ஒடனே எடுத்து நீலம்னு சொல்லிராதீங்க, அப்புறம் செவப்பா மாறினாலும் மாறும்."

"மாறாது. ஒங்களுக்குச் சர்க்கரையே கெடயாது. டின்லதான் இருந்துச்சு. தப்பு என்னோடது, ஒங்களத் திருடன்னு வேற சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவர் வேலையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. அந்த நீலத்தை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இன்னிக்கிச் சோறு சாப்பிடலாமா மிஸ்ஸி?"

நான் என் மதியச் சாப்பாட்டுத் தூக்கை அவர் முன்னால் வைத்துவிட்டு, டாக்டரிடம் கையெழுத்து வாங்க ஓடினேன். திரும்பி வந்தபோது தூக்கில் ஒரு பருக்கை மிச்சமில்லை. கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து, அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.