ஹோதாயாவின் திறக்காத டப்பா

பசியோடு இருக்கும் ஒரு குழந்தை, தனக்குப் பிடித்த சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஏன் தொடாமல் உட்கார்ந்திருக்கும்? அந்தக் குளிர்காலத்தில் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, ஒரு வருட சேவைக்காக பெத் ஷெயான் ஊரில் ஒரு மழலையர் பள்ளியில் சேர்ந்திருந்தேன். மூக்குத் துடைப்பது, காலணி மாட்டிவிடுவது, பத்து மணிக்குப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து கொடுப்பது என் வேலை. பள்ளி வேலியை ஒட்டிப் பேரீச்சந்தோப்பு. அங்கே ஆளை உயரத் தூக்கும் வண்டியின் மேடையில் நின்று மரங்களின் முள் வெட்டுகிறவர் அம்ராம் வக்னின். நான்கு வயது ஹோதாயா அவருடைய ஒரே மகள்.

அம்ராம் மெதுவாகப் பேசுகிறவர். ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்வதற்குள் கேட்டவர் பாதித் தெருவைக் கடந்திருப்பார். காலைப் பனியில் பள்ளத்தாக்கே காணாமல் போகும்போது, மர உச்சிகளுக்கு நடுவே அவர் மட்டும் தெரிவார். "மேல இருந்து பாத்தா உங்க பள்ளிக்கூடம் பாலுக்குள்ள மிதக்குற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னார்.

அவர் மனைவி சிகலித்துக்கு இரண்டாவது கர்ப்பம் சிக்கலாகி, அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். அதுவரை டப்பா கட்டியது சிகலித். இப்போது அம்ராம்.

முதல் நாள், எங்கள் வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை, பள்ளி வாசலிலேயே தலைமை ஆசிரியை ஜெஹவா பிடித்துக்கொண்டார்.

"அம்ராம், என்ன இது? கறி உருண்டை! இங்க பால் சாப்பாடு மட்டுந்தான்னு தெரியாதா?"

"தெரியும் ஜெஹவா. நேத்து சபாத் ஓய்வுநாளுக்குச் செஞ்சது மிச்சம் இருந்துது. கை மறந்துபோய் வெச்சிடுச்சு."

"கை மறக்கும். மேல இருக்கிற தலை எதுக்கு?"

ஹோதாயா வரும் வழியிலேயே ஓர் உருண்டையைத் தின்றிருந்தாள். ஜெஹவா அவள் கன்னத்தைத் தட்டி, "நீ இப்ப கறியா இருக்கே கண்ணு. கொஞ்சம் பொறு, அப்புறம் பால் சாப்பிடலாம்" என்றார். எங்கள் யூத வழக்கத்தில் கறியும் பாலும் சேரக் கூடாது; கறி தின்றவர் கறி, பால் குடித்தவர் பால். கறி சாப்பிட்டால் சற்றுநேரம் பொறுத்துத்தான் பாலைத் தொடவேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போதும்.

அந்த அவமானத்துக்குப் பிறகு அம்ராம் டப்பா கட்டிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு காய், ஒரு பழம், ஒரு ரொட்டி, இனிப்பு கூடாது என்பது ஜெஹவாவின் சட்டம். வெள்ளரிக்காயைக் குடைந்து படகு செய்வார். அதில் சிவப்புக் குடமிளகாய்ப் பாய். மெல்லிய ரொட்டிக்குள் வெண்பாலாடைக்கட்டி தடவிச் சுருட்டியிருப்பார். கொட்டை எடுத்த ஆலிவ். தோப்பிலேயே பழுத்த பேரீச்சை. முள் வெட்டிக் காய்த்த அந்தக் கைகள் விடியலில் மேசை விளக்கடியில் குடமிளகாயைப் பாயாக வெட்டுவதை நினைத்தால், எனக்கே கனவு மாதிரி இருக்கும்.

ஹோதாயா எதையும் தொடவில்லை. மூடிய டப்பாமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். அழவும் இல்லை. வீட்டில் மட்டும் ராத்திரி நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றார் அம்ராம். அக்கம்பக்கத்தார் தினமும் கோழியும் கறிக்குழம்பும் கொடுத்தனுப்பினார்களாம்.

"அம்மா ஏக்கம்" என்றார்கள் எல்லோரும். அம்ராமின் அக்கா பெர்லா நெதன்யாவிலிருந்து போன் போட்டு முடிவே செய்துவிட்டார். "புள்ள வதங்கிப்போறா. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். பிரசவம் முடியட்டும், திருப்பி அனுப்புறேன்."

போனை வைத்துவிட்டு வேலிக்கு அப்பால் நின்ற அம்ராம் சொன்னார்: "அவளும் இல்லன்னா, அந்த வீட்டுக்கு நான் எதுக்குப் போறது?"

வியாழக்கிழமை பனி விலகவே இல்லை. ஜன்னல் முழுக்க வெள்ளை. ஹோதாயா அன்று டப்பாவைத் திறந்திருந்தாள்! நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். துணிப் பொம்மையின் வாயில் வெள்ளரிப் படகை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சாப்பிடு. நீ பால். நான் இன்னும் கறி."

"யாரு சொன்னா?"

"ஜெஹவா. பொறுக்கச் சொன்னாங்க. பொறுக்குறேன்."

"அது ஞாயித்துக்கிழமைடி செல்லம்! எப்பவோ முடிஞ்சிடுச்சு. சரி, வெள்ளரிக்காயாவது தின்னலாமே? அது கறியும் இல்ல, பாலும் இல்ல."

என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "இங்க எல்லாமே பால் அக்கா. மேசை பால். தட்டு பால். முடிஞ்சுதான்னு அம்மாதான் சொல்லணும். உங்களுக்கு அது பாக்கத் தெரியாது."

வேலிக்கு ஓடினேன். பனிக்குள் கூப்பிட்டேன். மேலே எங்கோ ரம்பச் சத்தம் நின்றது. இறங்கி வந்த அம்ராமிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அங்கேயே சிகலித்துக்குப் போன் போட்டார். மறுமுனையில் முதலில் சிரிப்பு, பிறகு அதட்டல்.

"யாராச்சும் அவ வாயை மோந்து பாத்தீங்களா?"

"வாயை எதுக்கு மோந்து பாக்கணும்?"

"சபாத் மத்தியானம் நான் மோந்து பாத்து 'பால் நேரம்'னு சொல்லுவேன். அதுக்கப்புறந்தான் அவ தயிர் கேப்பா. உனக்கு எங்க தெரியும்? தின்னதும் குறட்டை விடுவே!"

அம்ராம் வாழ்க்கையில் முதல் முறையாக ஓடினார். மேசை முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். சட்டையெல்லாம் பேரீச்சந்தூள்.

"ஊது, என் உசுரே."

ஊதினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கே உரிய அந்த நீண்ட யோசனை.

"கொஞ்சம் பல்பசை வாசனை. பொம்மை வாசனை. கறி இல்லவே இல்ல. பால் நேரம்."

"நிஜமாவா அப்பா?"

"நிஜமா."

பொம்மையிடமிருந்து படகைப் பிடுங்கிக் கடித்தாள். பிறகு பாய். பிறகு ரொட்டிச் சுருளை இரண்டு கைகளாலும் பிடித்து, கன்னமெல்லாம் வெண்பாலாடைக்கட்டியாக. ஜெஹவா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் சொன்ன 'கொஞ்சம்' இவ்வளவு பெரிசா?" என்று முணுமுணுத்தார்.

அம்ராம் வெளியே போய் அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, புள்ளைய அனுப்ப மாட்டேன். நீ சும்மா வா, இருந்துட்டுப் போ. ஆனா கறி கொண்டு வராதே." அவர் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எங்கள் ஊரில் இப்போது சில அப்பாக்கள் டப்பா கட்டுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது சின்னப் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தால், அவர்களிடம் இந்தக் கதையைத் தயவுசெய்து சொல்லுங்கள். பொறு என்று சொன்னவர், பொறுத்தது போதும் என்றும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். பிள்ளைகள் காத்துக்கொண்டே இருப்பார்கள்.