ஹில்கா ஊதாத குழாய்

ஹில்கா வாயைத் திறந்தால் ஏரிக்கு அக்கரையில் இருப்பவனும் திரும்பிப் பார்ப்பான். பின்லாந்தில், எங்கள் யொயென்சூ நகரத்தில் குழந்தைகள் காப்பக ஆசிரியை. பனியில் ஆளுக்கொரு பக்கம் உருளும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட வேண்டுமே, அதற்குத் தொண்டைதான் மூலதனம். போன இலையுதிர்காலத்தில் அந்தத் தொண்டை கரகரத்து, பாதி வார்த்தை காற்றாகப் போனது. கோடைக்குள் சரியாகாவிட்டால் அலுவலகத்தில் நாற்காலி வேலை என்று நகராட்சி சொல்லிவிட்டது.

"பிள்ளைங்கள விட்டுட்டு நாற்காலியில உக்காரணுமா? அதுக்குக் குழி வெட்டிப் படுத்துக்கலாம்" என்றாள் என்னிடம். நான் அவள் பக்கத்து வீட்டுக்காரன், ரெயோ. பல்கலைக்கழகத்தின் குரல் ஆய்வுக்கூடத்தில் மைக்கும் ஒலிப்பதிவும் என் பொறுப்பு. நான்தான் அவளை அங்கே அழைத்துப் போனேன்.

அங்கே வில்யா என்ற பெண் முனைவர் பட்டத்துக்குக் குரல் கெட்ட ஆசிரியைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குக் கண்ணாடிக் குழாய் கொடுப்பாள். ஒரு முனையை வாயிலும் மறுமுனையைத் தண்ணீரிலும் வைத்து 'ஊ' என்று தினமும் குமிழி விட வேண்டும், தொண்டைக்கு அது பயிற்சி. மீதிப் பேருக்குக் கோடை முடியும்வரை ஒன்றும் கிடையாது. இரு பக்கத்தையும் ஒப்பிட்டால்தானே குழாயின் பலன் தெரியும்? ஹில்காவுக்கு விழுந்தது 'ஒன்றும் கிடையாது' சீட்டு.

"எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம் ஹில்கா. யாரும் தப்பா நினைக்க மாட்டோம்" என்றாள் வில்யா.

"விலகினா உனக்கு ஆள் குறையுமா?"

வில்யாவுக்குப் பொய் வராது. "குறையும்."

"அப்ப விலகல. ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான்."

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்! அதே காப்பகத்தில் வேலை செய்யும் தூலாவுக்குக் குழாய்ச் சீட்டு விழுந்திருந்தது. காப்பி நேரத்தில் தூலா குமிழி விடத் தொடங்கினால், ஹில்கா பன்னைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாளாம்.

"ஏய் தூலா, கழிப்பறையில போய் ஊதித் தொலை! பாத்தா எனக்கும் ஊத வந்துடும்."

"பாத்தாதான் என்ன, குடியா முழுகிடும்?"

"அந்தப் பொண்ணோட படிப்பு முழுகிடும்டி."

தூலாவின் குரல் தேறியது. ஹில்காவுடையது தேய்ந்துகொண்டே போனது.

மார்ச்சில் மறுபடி பதிவு. ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹில்கா வழக்கமான பத்தியை வாசித்தாள். காதில் கருவியோடு நான் இந்தப் பக்கம். மூன்றாவது வரியில் குரல் அறுந்தது. உதடு மட்டும் அசைந்தது. அவள் நிறுத்தவில்லை, கடைசி வரை வாசித்தாள், பாவி. பக்கத்தில் நின்ற வில்யா கணினித் திரையைப் பார்க்கவே இல்லை.

நேரே பேராசிரியரிடம் போனாள். நிலை மோசமானால் ஒருவரை நீக்க அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் மாற்று ஆள் கிடைக்காவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்றார் அவர். வில்யா திரும்பி வந்து ஒரு கிண்ணம் தண்ணீரையும் குழாயையும் ஹில்காவின் முன்னால் வைத்தாள்.

"உங்கள ஆராய்ச்சியில இருந்து எடுத்துட்டேன்."

ஹில்காவுக்கு வந்ததே கோபம்! கத்தக் குரலில்லாமல் சீறினாள். "குளிர்காலம் பூரா சுவத்தப் பாத்துக் காப்பி குடிச்சேனே, யாருக்காக?"

"எனக்காகத்தான். போதும். ஊதுங்க."

ஊதினாள். கோபத்தில் ஊதியதால் பாதித் தண்ணீர் வில்யாவின் சட்டையில்.

மே மாதம் காது மூக்குத் தொண்டை மருத்துவர் குரல் தேறிவிட்டதென்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஹில்கா பிள்ளைகளோடேயே இருக்கலாம். வில்யாவோ ஆள் கிடைக்காமல் முகம் வாடித் திரிந்தாள். கேட்டால், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் ரெயோ" என்பாள்.

ஒருநாள் நாங்கள் இருவரும் ஒலிப்பதிவு அறைக்குள் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அந்த அறைக்குள் வெளிச் சத்தம் வராது என்பது பல்கலைக்கழகத்தின் நம்பிக்கை. அன்று வந்தது.

"வில்யா! எங்க போய்த் தொலைஞ்ச?"

கதவைத் திறந்தோம். ஹில்கா நின்றாள். பின்னால் நகரத்தின் வேறு காப்பகங்களிலிருந்து அவள் தேடிப்பிடித்த ஆசிரியைகள், ஒரு கூட்டமே, எல்லாம் கரகரத்த தொண்டைகள்.

"சீட்டுக் குலுக்கு பொண்ணே. எந்தச் சீட்டு விழுந்தாலும் அழக்கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

அவர்கள் யாரும் அழவில்லை. வில்யாதான் அழுதாள்.